கென்டக்கியின் கிராமத்துக் கவுண்டியில் ஹோம்மேக்கர்ஸ் கிளப்: சேர்வதிலிருந்து நீங்களே வகுப்பெடுப்பது வரை

வேலை கிடைத்த ஊர் நியூ ஜெர்சியும் இல்லை, டல்லாஸும் இல்லை, கென்டக்கியின் மேற்குப் பகுதியில் ஏதோ ஒரு சின்னக் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கோர்ட் ஹவுஸ், ஊருக்கு வெளியே ஒரு வால்மார்ட், அதைத் தாண்டினால் சோயாபீன், சோளம், புகையிலையைப் புகையில் காயவைக்கும் கறுப்புக் களஞ்சியங்கள். கறிவேப்பிலை வாங்க நாஷ்வில்லுக்கோ லூயிவில்லுக்கோ கார் எடுக்க வேண்டும். எச்4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் மனைவியாக வந்தவராக இருந்தால் பெரும்பாலும் வேலைக்கும் போக முடியாது. நான் அப்படித்தான் வந்தேன். முதல் குளிர்காலம் முழுக்க வீட்டுக்காரரையும் கடைக் காசாளரையும் தவிர யாரிடமும் பேசியதாக நினைவில்லை.

அந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கவுண்டியிலும் ஒரு எக்ஸ்டென்ஷன் ஆபீஸ் (விரிவாக்க அலுவலகம்) நிச்சயம் இருக்கும், கென்டக்கியின் 120 கவுண்டிகளிலும் இருக்கிறது. அதன் கீழ் ஹோம்மேக்கர்ஸ் கிளப் என்று பெண்கள் குழுக்கள் நடக்கும். தையல், குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை), காய்கறியை ஜாடியில் அடைத்துப் பதப்படுத்தும் கேனிங், ரொட்டி சுடுவது, கூடை பின்னுவது, குடும்ப வரவு செலவு, உயில் எழுதுவது என்று வகுப்புகள் நடந்துகொண்டே இருக்கும். பல வகுப்புகள் இலவசம், சிலவற்றில் பொருளுக்கு மட்டும் காசு.

பெயரைப் பார்த்துவிட்டு, 'வீட்டு வேலை செய்ய அமெரிக்காவுக்கு வந்து கற்றுக்கொள்ளணுமா' என்று நகர்ந்துவிடாதீர்கள். நானும் அப்படி நினைத்து ஒரு வருடத்தை வீணாக்கினேன்.

முதலில், இது என்ன அமைப்பு

நம்ம ஊரில் வேளாண் விரிவாக்க அலுவலர் கிராமத்துக்கு வந்து புது நெல் ரகத்தைப் பற்றிச் சொல்வார் இல்லையா, அதே யோசனைதான். பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்ததை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவது. 1914 மே 8 அன்று ஸ்மித்-லெவர் சட்டத்தில் ஜனாதிபதி உட்ரோ வில்சன் கையெழுத்திட்டார். மத்திய வேளாண்துறை, மாநிலத்தின் நிலக்கொடைப் பல்கலைக்கழகம், கவுண்டி ஆகிய மூன்றும் சேர்ந்து பணம் போட்டு நடத்தும் சேவை அப்படிப் பிறந்தது. கென்டக்கியில் இதை நடத்துவது லெக்சிங்டனில் இருக்கும் கென்டக்கி பல்கலைக்கழகமும், பிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் கென்டக்கி ஸ்டேட் பல்கலைக்கழகமும். கவுண்டியின் பங்கு சொத்து வரியிலிருந்து போகிறது. வாடகை வீட்டில் இருந்தாலும் நீங்கள் கொடுக்கும் வாடகைக்குள் அந்த வரி இருக்கிறது, அதனால் தயங்காமல் உள்ளே போகலாம்.

சட்டத்துக்கு முன்னாலேயே பெண்கள் இதைத் தொடங்கிவிட்டார்கள். 1910-இல் தென் கரோலினாவின் எய்க்கன் கவுண்டியில் மேரி குரோமர் என்ற பள்ளி ஆசிரியை சிறுமிகளுக்குத் தக்காளி கிளப் ஆரம்பித்தார். ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு ஏக்கரில் தக்காளி போட்டு, அதைப் பதப்படுத்தி, விற்கும் காசு அந்தப் பெண்ணுக்கே. அப்புறம் அந்தச் சிறுமிகளின் அம்மாக்களும் வந்து சேர்ந்தார்கள், வீட்டு விளக்கப் பணி, அதாவது வீட்டு வேலைகளைச் செய்துகாட்டிக் கற்றுத்தருவது என்று அது வளர்ந்தது. பஞ்சு விலை விழுந்து கிடங்குகளில் தேங்கியிருந்த காலத்தில், 1940 வாக்கில், ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் பஞ்சும் துணியும் கொடுத்தது. 50 பவுண்டு பஞ்சு, 10 கெஜம் தடித்த துணி, அவ்வளவில் ஒரு மெத்தை. கிளப் பெண்கள் பள்ளிக்கூடங்களிலும் களஞ்சியங்களிலும் உட்கார்ந்து அடித்துத் தைத்தார்கள். இலவம்பஞ்சு மெத்தை தைப்பவர் வீட்டுத் திண்ணையில் பஞ்சு அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகவே புரியும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தெற்கு மாநிலங்களில் இந்தக் கிளப்புகள் பல பத்தாண்டுகள் வெள்ளையருக்குத் தனியாகவும் கறுப்பினத்தவருக்குத் தனியாகவும்தான் நடந்தன, கறுப்பின ஏஜென்ட்களுக்கு (எக்ஸ்டென்ஷன் ஊழியரை ஏஜென்ட் என்பார்கள்) சம்பளமும் வசதியும் குறைவு. 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான் அது சட்டப்படி மாறியது. இன்று இனம், மதம், நாடு பார்த்து யாரையும் தடுக்க முடியாது. உங்களுக்கு அங்கே இடம் உண்டா என்று மனதில் கேள்வி இருந்தால் அதற்குப் பதில் இது.

படி 1: ஆபீஸுக்கு நேரில் போங்கள்

உங்கள் கவுண்டிப் பெயரோடு 'எக்ஸ்டென்ஷன் ஆபீஸ்' என்று சேர்த்துத் தேடினால் முகவரி கிடைத்துவிடும். போன் செய்வதைவிட நேரில் போவது நல்லது, ஏனென்றால் முன்னறையிலேயே வகுப்பு அறிவிப்புத் தாள்கள், விதைப் பொட்டலம், மண் பரிசோதனைப் பை எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். குடும்ப நுகர்வோர் அறிவியல் ஏஜென்ட் என்று ஒருவர் இருப்பார், அவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் வெளியே போயிருந்தால் உங்கள் பெயரையும் முகவரியையும் கொடுத்து மாதாந்திரச் செய்திமடலை அனுப்பச் சொல்லிவிட்டு வாருங்கள். அந்தச் செய்திமடல்தான் சாவி. அடுத்த இரண்டு மாதத்தில் எங்கே, எந்த நாள், எந்த வகுப்பு என்று எல்லாம் அதில் இருக்கும்.

கென்டக்கிக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இண்டியானா, ஆர்க்கன்சாவில் எக்ஸ்டென்ஷன் ஹோம்மேக்கர்ஸ் என்றேதான் சொல்வார்கள். ஒக்லஹோமாவில் ஹோம் அண்ட் கம்யூனிட்டி எஜுகேஷன், வட கரோலினாவில் எக்ஸ்டென்ஷன் அண்ட் கம்யூனிட்டி அசோசியேஷன், டெக்சாஸில் எக்ஸ்டென்ஷன் எஜுகேஷன் அசோசியேஷன். வேலை ஏறக்குறைய ஒன்றே.

படி 2: எந்தக் கிளப், எப்படிச் சேர்வது

ஒரு கவுண்டியில் பல கிளப்புகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு சிற்றூரையோ சாலைச் சந்திப்பையோ சுற்றி உருவானது. சில காலையில் கூடும், அங்கே பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். சில மாலையில், அங்கே வேலைக்குப் போகும் பெண்கள் வருவார்கள். குயில்டுக்கு மட்டும், பின்னலுக்கு மட்டும் என்று தனிக் கிளப்புகளும் உண்டு. ஏஜென்டிடம், 'புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும் கிளப் எது' என்று நேராகவே கேளுங்கள், அவருக்குத் தெரியும். உங்களிடம் கார் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். என்னைக் கூட்டிப்போக முதல் ஆறு மாதம் 74 வயது அம்மா ஒருவர் தன் பிக்கப் டிரக்கில் வீட்டு வாசலுக்கே வந்தார்.

ஆண்டுச் சந்தா சில டாலர்தான், கவுண்டிக்குக் கவுண்டி மாறும். கென்டக்கியில் கணக்கு ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும், ஆனால் நடுவில் சேரலாம். எந்தக் கிளப்பிலும் சேராமல் செய்திமடலை மட்டும் பெறும் 'மெயில்பாக்ஸ்' உறுப்பினர் என்ற ஏற்பாடும் உண்டு. கைக்குழந்தை இருப்பவர்களுக்கு அது நல்ல தொடக்கம், ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள்.

விசா பற்றி: இது சம்பளமில்லாத் தொண்டும் கல்வியும் என்பதால் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஆனால் இங்கே கற்றதைச் செய்து உங்கள் பேரில் காசுக்கு விற்பது வேறு விஷயம். வேலை அனுமதி இல்லாதவர்கள் அதைத் தொடங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: முதல் கூட்டம்

கூட்டம் மாதம் ஒருமுறை, யாராவது ஒருவர் வீட்டிலோ, சர்ச் கூடத்திலோ, எக்ஸ்டென்ஷன் ஆபீஸிலோ நடக்கும். தலைவி கூட்டத்தைத் தொடங்குவார். கொடிக்கு உறுதிமொழி சொல்வார்கள், குடியுரிமை இல்லாத நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, மரியாதையாக எழுந்து நின்றால் போதும். அடுத்து ஒரு சிறு பிரார்த்தனையோ நல்ல சிந்தனையோ. பெரும்பாலும் பைபிளிலிருந்து இருக்கும், கேட்டுக்கொண்டிருங்கள். பிறகொரு மாதம் உங்கள் முறை வரும், அப்போது உங்கள் பாட்டி சொன்ன ஏதாவது ஒன்றைச் சொன்னாலே போதும். நான் 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று சொல்லி விளக்கினேன், அங்கே இருந்த பாட்டிமார் எல்லாரும் தங்கள் சம்பந்தி கதைகளை எடுத்துவிட்டார்கள், கூட்டம் அரை மணி நேரம் தள்ளிப்போனது.

அதன்பின் வருகைப்பதிவு. வெறுமனே 'வந்திருக்கிறேன்' என்று சொல்வதில்லை. 'நீங்கள் சின்ன வயதில் செய்த முதல் வீட்டு வேலை எது' என்பது போல ஒரு கேள்வி வைத்திருப்பார்கள், பெயர் கூப்பிட்டதும் ஒரு வரியில் பதில் சொல்ல வேண்டும். இங்கே வெட்கப்பட்டு 'ஒன்றுமில்லை' என்று விட்டுவிடாதீர்கள். உங்களை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது இந்த ஒரு வரியால்தான். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன் என்று நான் சொன்னேன், அடுத்த மாதம் அதைப் போட்டுக்காட்டச் சொன்னார்கள்.

சென்ற கூட்டக் குறிப்பு, வரவு செலவு, பழைய வேலை, புது வேலை என்று அலுவல் பகுதி சுருக்கமாக முடியும். அப்புறம்தான் பாடம், கடைசியில் சாப்பாடு.

கூப்பிடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வயதில் மூத்தவரைப் பெயர் மட்டும் சொல்லிக் கூப்பிட நமக்கு வாய் வராது. கென்டக்கியிலும் அப்படித்தான், பெயருக்கு முன் 'மிஸ்' போட்டுக் கூப்பிடுவார்கள், கல்யாணமாகிப் பேரன் எடுத்தவராக இருந்தாலும் மிஸ்தான். நம்ம அக்கா, அம்மாவுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதற்குப் 'யெஸ், மேம்' என்று பதில் சொல்வதும் இங்கே இயல்பு.

படி 4: பாட்லக் சாப்பாடு

ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவந்து எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவது. சைவமாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது நிறைய. பீன்ஸ் பொரியல் மாதிரி இருப்பதைப் பன்றி இறைச்சித் துண்டு போட்டு மணிக்கணக்கில் வேகவைத்திருப்பார்கள். சோள ரொட்டியில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், பழப் பையின் மேலோட்டிலும் அப்படித்தான். ஜெல்லியிலும் மார்ஷ்மெல்லோவிலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை. நான் கேட்க ஆரம்பித்த சில மாதங்களில் இரண்டு பேர் எனக்கென்று இறைச்சி போடாத பீன்ஸ் தனிக் கிண்ணத்தில் எடுத்துவர ஆரம்பித்தார்கள், அதை நான் இன்னும் மறக்கவில்லை.

நீங்கள் கொண்டுபோக நல்லது எலுமிச்சை சாதம், காரம் குறைத்த சுண்டல், உருளைக்கிழங்கு போண்டா, ரவா கேசரி. பக்கத்தில் ஒரு சீட்டில் என்னென்ன போட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். வேர்க்கடலை, முந்திரி, பால், எள் கட்டாயம் எழுத வேண்டும், 2023 முதல் எள்ளும் அமெரிக்காவின் முக்கிய ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் இருக்கிறது. பலர் தவறவிடுவது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவர் உங்கள் சாதத்தில் கோதுமை இருக்கும் என்று கனவிலும் நினைக்கமாட்டார்.

சூடாறாமல் எடுத்துப்போங்கள், அல்லது குளிர்ச்சியாக. 40 முதல் 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு நடுவே உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெளியே 90 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். ஜூலையில் தயிர் சாதத்தை மேசையில் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பது சரிப்படாது.

படி 5: கேனிங் வகுப்பு, இதைத் தவறவே விடாதீர்கள்

ஒரே ஒரு வகுப்புக்குத்தான் போக முடியும் என்றால் இதற்குப் போங்கள். கோடையில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கூடை தக்காளியும் ஒரு சாக்கு பீன்ஸும் வாசலில் வைத்துவிட்டுப் போவார், அதைக் குளிர்காலம் வரை காப்பாற்றும் கலை இது. வீட்டில் கேனிங் செய்வதில் தவறு நேர்ந்தால் உயிரே போகலாம் என்பதால் யூடியூப் பார்த்துச் செய்ய வேண்டிய விஷயமில்லை.

காரணத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். மண்ணில் இருக்கும் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் விதையுறை கொதிநீரில் சாவதில்லை. காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சு உண்டாக்கும். மூடிய ஜாடி அதற்கு அப்படியே பொருத்தமான வீடு. நஞ்சு உண்டான ஜாடியில் வாசனையோ நிறமோ மாறாமலும் இருக்கலாம். அதனால் பொருளின் புளிப்பை வைத்து இரண்டாகப் பிரிப்பார்கள். புளிப்பை அளக்கும் எண் பிஎச், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பிஎச் 4.6-க்குக் கீழே இருக்கும் பழங்கள், ஜாம், வினிகர் ஊறுகாய்க்குக் கொதிநீர் முறை போதும். அதற்கு மேலே உள்ள பீன்ஸ், சோளம், கேரட், இறைச்சி எல்லாவற்றுக்கும் பிரஷர் கேனர் (ஜாடிகளை உள்ளே வைக்கும் பெரிய அழுத்தப் பாத்திரம்) கட்டாயம், உள்ளே சூடு 240 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்ட வேண்டும்.

தக்காளி நடுவில் நிற்கும். நாம் புளிப்பு என்று நினைக்கிறோம், ஆனால் சில தக்காளி 4.6-ஐத் தாண்டிவிடும். அதனால் குவார்ட் ஜாடிக்கு (ஏறக்குறைய ஒரு லிட்டர்) 2 மேசைக்கரண்டி, அதில் பாதியான பைன்ட் ஜாடிக்கு 1 மேசைக்கரண்டி பாட்டில் எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்வார்கள். புதிதாகப் பிழிந்தது வேண்டாம், ஏனென்றால் பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், பாட்டிலில் அது ஒரே அளவு.

பீன்ஸ் செய்வதை வகுப்பில் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன். ஏழு குவார்ட் ஜாடிக்கு ஏறக்குறைய 14 பவுண்டு பீன்ஸ் வேண்டும். கழுவி, நுனி கிள்ளி, ஒரு அங்குலத் துண்டுகளாக ஒடியுங்கள். இந்த ஒடிக்கும் வேலைதான் எனக்குப் பிடித்த பகுதி, பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒடிக்கும்போது ஊர்ச் செய்தி அத்தனையும் வந்துவிடும், நம்ம வீட்டில் அவரைக்காய் நார் உரிக்கும்போது நடப்பது போல. பச்சையாகவே ஜாடியில் இறுக்கமாக நிரப்பி, கொதிநீர் ஊற்றி, மேலே ஒரு அங்குலம் காலி விடுங்கள். விளிம்பைத் துடைத்து மூடி வைத்து, வளையத்தை விரல் நுனியால் திருகும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். கேனரில் 2 முதல் 3 அங்குலம் சுடுதண்ணீர் வைத்து ஜாடிகளை இறக்கி மூடியபின், எடையை (குக்கர் விசில் மாதிரி மேலே வைப்பது) போடாமல் முதலில் 10 நிமிடம் ஆவியை வெளியே விட வேண்டும். உள்ளே காற்று தங்கினால் மானி அழுத்தத்தைக் காட்டும், ஆனால் சூடு வராது. அதன்பின் எடையைப் போட்டு அழுத்தம் ஏறியதும் நேரத்தைக் கணக்கிடுங்கள். பைன்டுக்கு 20 நிமிடம், குவார்டுக்கு 25. முள் மானி உள்ள கேனரில் 11 பவுண்டு அழுத்தம், எடை வைக்கும் கேனரில் 10 பவுண்டு. எடைக் கேனரில் கடல் மட்டத்திலிருந்து 1,000 அடிக்கு மேல் இருந்தால் 15 பவுண்டு, முள் மானியில் 2,000 அடிக்கு மேல் இருந்தால் அழுத்தம் கூடும். உங்கள் ஊர் எவ்வளவு உயரம் என்று ஆபீஸில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்துத் தானாக அழுத்தம் இறங்க விடுங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பது, விசிலைத் தூக்கிவிடுவது எதுவும் கூடாது. ஜாடிகளை எடுத்து 12 முதல் 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மூடியின் நடு உள்வாங்கியிருந்தால் சரி, இல்லையென்றால் அதை ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் சாப்பிட்டுவிடுங்கள்.

இங்கே நம்மவர்கள் கேட்கும் கேள்வி: ஊரிலிருந்து கொண்டுவந்த குக்கரில் செய்யலாமா? கூடாது. சின்னக் குக்கர் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும், சோதித்த நேரக் கணக்கு எல்லாம் பெரிய கேனருக்கானது. குறைந்தது நான்கு குவார்ட் ஜாடிகள் நிற்கும் கேனர் வேண்டும் என்பது வேளாண்துறையின் விதி. பல எக்ஸ்டென்ஷன் ஆபீஸ்களில் முள் மானியைச் சரிபார்த்துக் கொடுப்பார்கள், வருடம் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள். இன்னொரு கேள்வி பூண்டு ஊறுகாய், தொக்கு பற்றியது. எண்ணெயில் மூழ்கிய பூண்டு சாதாரண வெப்பத்தில் இருப்பது ஆபத்து, நம்ம செய்முறைகள் இந்த முறையில் சோதிக்கப்பட்டவை அல்ல. ஃப்ரிட்ஜில் வைத்துச் சாப்பிடுங்கள், கிளப்பில் யாருக்காவது கொடுத்தாலும் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

படி 6: குயில்ட்

பாட்டியின் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த போர்வையில் படுத்தவர்களுக்கு இது புதிதல்ல, அளவுக் கணக்குதான் புதிது. முதலில் ஒன்பது கட்டம் செய்யச் சொல்வார்கள். இரண்டரை அங்குலச் சதுரங்கள் ஒன்பது, தையல் விளிம்பு சரியாகக் கால் அங்குலம், சேர்த்து முடிந்தால் ஆறரை அங்குலம் வரும், மற்றதோடு இணைத்தபின் ஆறு. கால் அங்குலம் கொஞ்சம் தப்பினாலும் பத்தாவது கட்டத்தில் போர்வை கோணிக்கொள்ளும். தையலை அயர்ன் செய்யும்போது அடர் நிறத் துணிப் பக்கம் மடியுங்கள். சக்கரக் கத்தியால் உடம்புக்கு எதிர்ப்புறமாகத் தள்ளி வெட்டுங்கள், கீழே வைக்குமுன் மூடியை மூடுங்கள்.

ஊர்ச் சுங்குடியையும் கைத்தறியையும் சேர்த்துத் தைக்க எல்லாருக்கும் ஆசை வரும். தைக்கும் முன் இரண்டு மூன்று முறை துவைத்து, வெள்ளைத் துணியில் ஈரத்தோடு தேய்த்து, சாயம் போகிறதா பாருங்கள். நான் பார்க்கவில்லை. நான்கு மாத வேலை முதல் துவைப்பில் சிவப்பாகிவிட்டது, அன்று அழுதேன்.

கொஞ்சம் கை பழகியதும் கென்டக்கியின் பாதுகா என்ற நகரத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள், 1991-இல் திறந்த தேசியக் குயில்ட் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. துணி தைக்க ஆர்வமில்லாதவர்களுக்குக் களஞ்சியக் குயில்ட் வகுப்பு இருக்கிறது. பலகையில் குயில்ட் வடிவத்தை வண்ணம் தீட்டி வீட்டிலோ களஞ்சியத்திலோ மாட்டுவது. 2001-இல் ஒஹையோவின் ஆடம்ஸ் கவுண்டியில் டோனா சூ குரோவ்ஸ் தன் அம்மாவுக்காக ஆசைப்பட்டுத் தொடங்கி வைத்தது, இப்போது கென்டக்கிச் சாலைகள் முழுக்கப் பார்க்கலாம். புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு அந்த வடிவங்கள் உடனே வந்துவிடும்.

படி 7: கற்றவர் கற்பிக்க வேண்டும்

கிளப்பின் உயிர்நாடி இதுதான், இதற்காகவே இவ்வளவும் எழுதினேன். ஏஜென்ட் ஒவ்வொரு கிளப்புக்கும் வந்து பாடம் எடுப்பதில்லை. ஒவ்வொரு கிளப்பும் பாடத் தலைவியாக ஓரிருவரை அனுப்பும், அவர்களுக்கு ஏஜென்ட் ஒரு நாள் பயிற்சி கொடுப்பார். அவர்கள் கையில் தாள்களோடு திரும்பிப்போய்த் தங்கள் கிளப்புக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நூறு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. ஒரே ஒரு சம்பள ஊழியரை வைத்துக்கொண்டு கவுண்டியின் மூலைமுடுக்கெல்லாம் ஒரு பாடம் போய்ச் சேர்வது இதனால்தான்.

அதனால் சேர்ந்த மூன்றாவது நான்காவது மாதமே, 'அடுத்த பயிற்சிக்கு நான் போகிறேன்' என்று கை தூக்குங்கள். ஆங்கிலம் தடுமாறுமே என்று நினைக்காதீர்கள். பயிற்சியில் கொடுக்கும் தாளை வீட்டில் இரண்டு தடவை சத்தமாக வாசித்துப் பாருங்கள், தாளில் இருப்பதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், செய்துகாட்டக் கையில் ஒரு பொருள் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் பாடம் சமையலறையில் வழுக்கி விழாமல் இருப்பது பற்றியது. இருபது நிமிடம் பேசினேன், முடிந்ததும் மூன்று பேர் தாங்கள் விழுந்த கதையைச் சொன்னார்கள், அது என் பேச்சைவிட நல்ல பாடமாக இருந்தது. விருந்தாளியாக உட்கார்ந்திருந்த எட்டு மாதத்தில் கிடைக்காத நெருக்கம் அந்த ஒரு நாளில் கிடைத்தது.

படி 8: நம்ம சமையலைச் சொல்லிக்கொடுக்க

கண்டிப்பாகக் கேட்பார்கள். தோசை வேண்டாம், மாவு ஒரு ராத்திரி புளிக்க வேண்டும், வகுப்பு ஒன்றரை மணி நேரம்தான். எலுமிச்சை சாதம், தேங்காய்ச் சட்னி, ரசம் என்று தொடங்குங்கள். வால்மார்ட்டில் கிடைக்கும் பொருளை மட்டும் வைத்துச் செய்முறையை எழுதுங்கள், கிடைக்காத ஒன்றிரண்டைச் சிறு பொட்டலமாக ஆளுக்குக் கொடுங்கள். 'கண்ணளவு' என்று எழுத முடியாது, வீட்டில் ஒருமுறை கப்பும் கரண்டியும் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடுகு வெடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லி மூடியைக் கையில் கொடுங்கள். செய்முறைத் தாளை ஒரு வாரம் முன்னதாக ஏஜென்டிடம் காட்டினால் உணவுப் பாதுகாப்பு விஷயத்தைச் சரிபார்த்துத் தருவார்.

கண்காட்சி, நன்கொடை, கணக்கு

வருடம் ஒருமுறை கைவினைக் கண்காட்சி உண்டு. பொதுவாகக் கடைசி இரண்டு வருடத்துக்குள் நீங்களே செய்ததாக இருக்க வேண்டும், பிரிவுக்கு ஒன்று கொடுக்கலாம், கவுண்டியில் நீல ரிப்பன் (முதல் பரிசு) வாங்கினால் வட்டார அளவுக்கும், அங்கேயும் வாங்கினால் மாநில அளவுக்கும் போகும். விதித் தாளை முன்னதாகவே வாங்கிப் படியுங்கள், நல்ல வேலைப்பாடு தப்பான பிரிவில் போய்த் தோற்றுப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

ரொட்டி, கேக் விற்று, சில்லறை சேர்த்து நன்கொடையும் திரட்டுவார்கள். 1933-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய உலகக் கிராமப்புறப் பெண்கள் சங்கத்துக்குச் சில்லறை போகும். கென்டக்கிப் பெண்கள் பல வருடங்களாக விடாமல் ஆதரிப்பது லெக்சிங்டனில் உள்ள மார்க்கி புற்றுநோய் மையத்தின் சினைப்பைப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம். 1987 முதல் நடக்கிறது, இலவசம், 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கும், குடும்பத்தில் அந்த நோய் இருந்தால் 25 வயதைத் தாண்டியவர்களுக்கும். கவுண்டியிலிருந்து கிளப் பெண்கள் ஒரு வேனில் சேர்ந்து போய்வருவார்கள். ஊரிலிருந்து உங்கள் அம்மா வந்து தங்கியிருந்தால் அவர் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பொருளாளர் பொறுப்பு வந்தால் ஒன்றே ஒன்று: கிளப் காசைச் சொந்தக் கணக்கில் ஒரு நாள் கூட வைக்காதீர்கள், ரசீது இல்லாமல் ஒரு டாலரும் கொடுக்காதீர்கள்.

பக்கத்தில் கிளப் இல்லையென்றால்

நீங்களே தொடங்கலாம். ஏஜென்டிடம் சொல்லிவிட்டு, குழந்தைகளைப் பள்ளியில் விடும் இடத்தில் பார்க்கும் நான்கைந்து பேரைக் கூப்பிடுங்கள். தமிழர்களாக மட்டும் சேர்க்காதீர்கள், சேர்த்தால் அது இன்னொரு வாட்ஸ்அப் குழுவாகிவிடும். மெக்சிகோவிலிருந்து வந்தவர், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த நர்ஸ், பரம்பரையாக அங்கேயே பண்ணை வைத்திருக்கும் குடும்பத்து மருமகள் என்று கலந்து இருக்கட்டும். முதல் கூட்டத்தில் விதிமுறை எதுவும் பேச வேண்டாம், ஒரு வகுப்பு வையுங்கள், கையில் ஏதாவது ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும். இரண்டாம் கூட்டத்தில் நாள், நேரம், தலைவி, செயலர், பொருளாளர் முடிவு செய்து கவுண்டிச் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். குழந்தைகளைக் கூட்டிவரலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இளம் அம்மாக்கள் வராமல் போவதற்கு முக்கியக் காரணம் அதுதான். எங்கள் மாலைக் கிளப்பில் ஒரு மூலையில் பாய் விரித்து, முறை வைத்து ஒருவர் குழந்தைகளோடு உட்கார்ந்துகொள்வார், மற்றவர்கள் பீன்ஸ் ஒடிப்போம்.